மண் நோட்டும் தேர்தல் நோட்டீசும் ஒரே கட்டில் இருக்கட்டும்

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். ராமநாதபுரம் மாவட்டத்தில், தேவிபட்டினத்துக்கும் தொண்டிக்கும் நடுவே கடலோரக் கிராமம் ஒன்றில் உங்கள் பூர்வீக வீடு இருக்கிறது. உங்கள் அப்பாவைப் பெற்ற ஐயா வேளாண் துறையில் வேதியியலாளராக இருந்தவர். ஊர் ஊராக மண் எடுத்துப் பரிசோதித்தவர். பிறகு அரசு வேலையை உதறிவிட்டு அரசியலுக்கு வந்து, ஊராட்சி ஒன்றியத் தலைவராக இருந்து, சட்டமன்றத் தேர்தலிலும் நின்றவர். அவருடைய காகிதங்கள் டிரங்குப் பெட்டிகளிலும் ஒரு மர அலமாரியிலும் கிடக்கின்றன. இப்போது வீட்டை இடித்துக் கட்டப்போகிறீர்கள். தலைவர்களோடு எடுத்த படங்களையும் கட்சிக் கடிதங்களையும் மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கழித்துவிடலாம் என்கிறார் சித்தப்பா. பரிசோதனை நோட்டுகளை எடைக்குப் போடலாம் என்கிறார் தம்பி. அத்தை மகன் முக்கியமான கடிதங்களை லேமினேஷன் செய்யச் சொல்கிறார். எதை வைப்பது, எதைக் கழிப்பது, யாரிடம் ஒப்படைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

மண் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அதற்குப் பிறகு இந்த மாவட்டத்தில் சில வீடுகளின் பழைய காகிதங்களை வகைப்படுத்திக் கொடுத்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் முதலில் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: வேதியியலாளரின் காகிதத்தையும் அரசியல்வாதியின் காகிதத்தையும் பிரிக்காதீர்கள். சித்தப்பா வைத்துக்கொள்ள நினைக்கும் படங்களைப் போன்றவை வேறு பல வீடுகளிலும் இருக்கும். தலைவர்களின் பேச்சு அன்றைய நாளிதழ்களில் அச்சாகியிருக்கும். எடைக்குப் போகவிருக்கும் நோட்டுகளுக்கு வேறு பிரதியே கிடையாது. போட்டுவிட்டால் போனது போனதுதான்.

நோட்டுகளை மட்டும் காப்பாற்றினால் போதுமா என்றால், அதுவும் போதாது. சாயல்குடிப் பக்கம் ஒரு வீட்டில் பார்த்த பக்கம் ஒன்றைச் சொல்கிறேன். நீள வாக்கில் கட்டிய கணக்கு நோட்டு. இடப்பக்கத்தில் பேனாவால் கட்டம் போட்டு மாதிரி எண், கிராமம், சர்வே எண், அங்குலத்தில் ஆழம், கார அமில நிலை (pH), கரையும் உப்பு என்று வரிசையாக எழுதியிருந்தது. ஓரத்தில் சிறிய எழுத்தில் ‘மேல்புறம் கோரை, கீழ்க்கோடி பாழ், மழை நின்று பத்து நாளில் வெண்பூ’ என்று குறிப்பு. வெண்பூ என்பது மண்ணின் மேல் பூக்கும் உப்பு. அதே தாளின் பின்பக்கத்தில், பென்சிலில், மாவட்ட ஆட்சியருக்கு ஒரு மனுவின் நகல்: அந்தக் கீழ்க்கோடி வயல்களின் தண்ணீர் வடிவதற்கு ஒரு வாய்க்கால் வெட்டித் தர வேண்டும். முதலில் ‘ஜிப்சம் மானியம்’ என்று எழுதி அடித்துவிட்டு, மேலே ‘வடிகால்’ என்று திருத்தியிருந்தார். அந்த ஒரு திருத்தம் ஏன் வந்தது என்பதற்கு விடை முன்பக்கத்துக் கட்டத்தில் இருந்தது. தாளை இரண்டாக ஸ்கேன் செய்து, முன்பக்கத்தை ‘அறிவியல்’ என்றும் பின்பக்கத்தை ‘அரசியல்’ என்றும் தனித்தனிக் கோப்பில் போட்டிருந்தால் யாருக்கும் அது தெரிந்திருக்காது.

அந்தத் திருத்தத்தின் பொருளைக் கொஞ்சம் விளக்க வேண்டும். உங்கள் ஐயாவின் நோட்டுகளிலும் இதுதான் நடுநாயகமாக இருக்கும் என்று நினைக்கிறேன். நம் கடற்கரையில் கெட்டுப்போன நிலம் இரண்டு வகை. கரையும் உப்பு அதிகமாக இருப்பது உவர் நிலம். மண் துகளோடு சோடியம் ஒட்டிக்கொண்டு மண்ணை இறுக்கிவிடுவது களர் நிலம். 1954இல் அமெரிக்க உவர் ஆய்வுக்கூடம் வெளியிட்ட கையேட்டின் அளவுகோலைத்தான் நம் ஆய்வுக்கூடங்களும் பின்பற்றி வந்தன. மண் தாங்கும் அளவுக்குத் தண்ணீர் விட்டு வடித்தெடுத்த நிறைவுற்ற மண்கரைசலின் மின் கடத்தும் திறன் (கரைந்த உப்பின் அளவைக் காட்டுவது) மீட்டருக்கு 4 டெசிசைமன்ஸுக்கு மேல், கார அமில நிலை 8.5க்குக் கீழ் என்றால் உவர். கார அமில நிலை 8.5க்கு மேல், ஒட்டியுள்ள சோடியம் 15 சதவீதத்துக்கு மேல் என்றால் களர். களருக்கு ஜிப்சம் போட வேண்டும். ஜிப்சத்தில் உள்ள கால்சியம் சோடியத்தை இடம்பெயர்க்கும், பிறகு நல்ல தண்ணீர் கட்டி வடித்தால் சோடியம் கழுவிக்கொண்டு போகும். பசுந்தாள் உரமான தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுவதும் உதவும். வெறும் உவருக்கு ஜிப்சம் மூட்டை மூட்டையாகக் கொட்டினாலும் பயன் இல்லை. அதற்கு வேண்டியது நல்ல தண்ணீரும் அது வெளியேற ஒரு வழியும்தான். வழி இல்லாமல் தண்ணீரை மட்டும் கட்டினால், வெயிலில் தண்ணீர் ஆவியாகி உப்பு மறுபடி மேலே ஏறிவிடும்.

ஜிப்சம் மானியம் கேட்பது சுலபம். மேடையில் சொல்லலாம், மூட்டை வந்து இறங்கினால் படம் எடுக்கலாம், வீட்டுக்கு வீடு பங்கு போடலாம். வடிகால் அப்படி இல்லை. அது நான்கு ஊரின் புஞ்சையைக் கடந்து போக வேண்டும், யாரோ ஒருவர் நிலம் விட வேண்டும், கீழ் ஊர்க்காரர் தண்ணீர் தன் பக்கம் வருகிறது என்று சண்டைக்கு வருவார். வேதியியல் தெரிந்த ஒருவர் அரசியலில் இறங்கும்போது அவர் முன் நிற்கும் கேள்வியே இதுதான்: ஓட்டு தரும் பதிலைச் சொல்வதா, மண் சொல்லும் பதிலைச் சொல்வதா? உங்கள் ஐயா எந்தப் பக்கம் நின்றார், எப்போது வளைந்தார், எப்போது வளையவில்லை என்பதெல்லாம் இரண்டு வகைக் காகிதமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால்தான் தெரியும். அவரைப் பற்றி நாளை யாராவது நேர்மையாக எழுத வேண்டுமென்றால் அதற்கு ஆதாரம் அங்கேதான் இருக்கிறது.

இந்த இரட்டை வாழ்க்கை உலகத்துக்குப் புதிதல்ல. பிரான்சின் பூசிங்கோ, வயலையே ஆய்வுக்கூடமாக்கிப் பயிருக்கு நைட்ரஜன் எங்கிருந்து வருகிறது என்று தேடியவர், 1848 புரட்சிக்குப் பிறகு தேசிய சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பிறகு அரசியல் கருத்துக்காகவே பேராசிரியர் பதவியை இழந்து, சக விஞ்ஞானிகளின் எதிர்ப்பால் அதைத் திரும்பப் பெற்றார். பிரிட்டனின் லயன் பிளேஃபேர் நம் நாட்டில், கங்கைக் கரையின் சுனாரில் பிறந்தவர். ஜெர்மனியின் லீபிக்கிடம் படித்து, அவருடைய வேளாண் வேதியியல் நூலை 1840இல் ஆங்கிலத்தில் பதிப்பித்தவர். 1845இல் உருளைக்கிழங்கு அழுகல் வந்தபோது பிரதமர் பீல் அவரை அயர்லாந்துக்கு விசாரணைக்கு அனுப்பினார். 1868இல் நாடாளுமன்ற உறுப்பினரானார், 1873இல் தபால் துறைத் தலைவரானார். அவருடைய காகிதங்கள் லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. உங்கள் ஐயா ஒன்றிய அளவில் செய்ததை அவர்கள் பெரிய அளவில் செய்தார்கள். காகிதத்தின் தன்மை ஒன்றேதான்.

இனி நோட்டுகளின் அறிவியல் மதிப்பு. இந்தக் கரையில் கடந்த அறுபது எழுபது ஆண்டுகளில் நிலம் பலவிதமாக மாறியிருக்கிறது. 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியை அழித்த புயல், வைகைத் தண்ணீர் கடைமடைக் கண்மாய்களுக்கு வராமல் போன ஆண்டுகள், சீமைக்கருவேலம் பரவியது, 1990களில் வந்த இறால் பண்ணைகள் என்று ஒவ்வொன்றும் மண்ணில் தடம் பதித்திருக்கின்றன. இறால் பண்ணை வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது வரை பெரிய சர்ச்சையாக இருந்தது ஒரு கேள்வி: இந்த நிலம் முன்பே உவரா, பண்ணையால் உவரானதா? பழைய அளவு கையில் இல்லாமல் இதற்கு யாரும் பதில் சொல்ல முடியாது. சர்வே எண்ணோடு எழுதிய ஒரு நோட்டு இருந்தால் பதில் சொல்லலாம். இன்றைக்கு ராமநாதபுரத்தில் வேளாண் பல்கலைக்கழகத்தின் கடலோர உவர் ஆராய்ச்சி மையம் இருக்கிறது. அங்கே வேலை செய்கிறவர்களுக்கு உங்கள் ஐயாவின் எண்கள் கிடைத்தால் அது பெரிய கொடை.

ஆனால் எண்ணை மட்டும் எடுத்துக் கொடுத்தால் தவறாகிவிடும். மின் கடத்தும் திறன் என்பது மண்ணோடு எவ்வளவு தண்ணீர் கலந்து அளந்தார் என்பதைப் பொறுத்தது. ஒரு பங்கு மண்ணுக்கு இரண்டு பங்கு தண்ணீர் விட்டால் ஓர் எண் வரும், ஐந்து பங்கு விட்டால் அதைவிடக் குறைந்த எண் வரும், நிறைவுற்ற கரைசலில் எடுத்தால் இரண்டையும்விடக் கூடுதலாக வரும். மூன்றும் ஒரே மண்தான். இது தெரியாமல் பழைய எண்ணையும் புதிய எண்ணையும் நேராக ஒப்பிட்டு ‘உப்பு இரண்டு மடங்காகிவிட்டது’ என்று எழுதிவிடுவார்கள். ஆகவே அலமாரியில் செய்முறைக் குறிப்புகள், கரைசல் தயாரித்த கணக்கு, துறைச் சுற்றறிக்கை என்று எது கிடைத்தாலும், சலிப்பூட்டும் காகிதமாகத் தோன்றினாலும், நோட்டோடு சேர்த்தே வையுங்கள். அளவுகளையும் கவனியுங்கள். ‘மில்லிமோ’ என்று இருந்தால் பயப்பட வேண்டாம், சென்டிமீட்டருக்கு ஒரு மில்லிமோ என்பதும் இன்றைய மீட்டருக்கு ஒரு டெசிசைமன்ஸ் என்பதும் ஒரே எண். ஏக்கருக்கு இத்தனை பவுண்டு என்றிருந்தால் 1.12ஆல் பெருக்கினால் ஹெக்டேருக்குக் கிலோ கிடைக்கும்.

சர்வே எண்ணிலும் ஒரு சிக்கல் உண்டு. ராமநாதபுரம் சமஸ்தானமும் சிவகங்கையுமாக இங்கே பெரும்பகுதி ஜமீன் நிலம். 1948ஆம் ஆண்டு எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகுதான் பல ஊர்களில் ரயத்துவாரி அளவை, அதாவது உழவர் பெயரிலேயே நிலத்தைப் பதியும் அளவை, நடந்தது. அதற்கு முந்தைய குறிப்பில் பைமாஷ் எண் (பழைய நில அளவை எண்) இருக்கலாம். 1979இல் தொடங்கிய நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்திலும் உட்பிரிவுகள் மாறின. கிராமத்து ‘அ’ பதிவேட்டில் பழைய எண்ணும் புதிய எண்ணும் கிடைக்கும். வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்டுப் பொருத்திவிடலாம். அதைவிட விரைவான வழி, ஊரில் எண்பது வயதைத் தாண்டியவர் யாரையாவது உட்காரவைத்து நோட்டிலுள்ள நிலப் பெயர்களை வாசித்துக் காட்டுவது. ‘ஊருணிக்குக் கிழக்குத் தாக்கு’, ‘பனங்காட்டுச் செய்’ என்பதெல்லாம் எங்கே என்று அவர்களுக்குத்தான் தெரியும். இதைத் தள்ளிப்போடாதீர்கள். நோட்டைப் பிறகும் படிக்கலாம், அவர்களிடம் பிறகு கேட்க முடியாமல் போகலாம்.

அரசியல் காகிதங்களில் பாதிக்கு மேல் தேதியே இருக்காது. துண்டு நோட்டீசில் ‘நாளை மாலை’ என்று மட்டும் அச்சடித்திருப்பார்கள். தேதியைக் கண்டுபிடிக்க நம் ஊர்க் காகிதத்திலேயே தடயங்கள் நிறைய. அணா, பை கணக்கு இருந்தால் 1957 ஏப்ரலுக்கு முன், ‘நயா பைசா’ என்றால் அதற்குப் பின். ‘சென்னை ராஜ்யம்’ என்றால் 1969 ஜனவரிக்கு முன். உறையில் ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பின். வருவாய்த் துறைக் காகிதமானால் பசலி ஆண்டு போட்டிருப்பார்கள். அதோடு 590ஐக் கூட்டினால் அந்தப் பசலி தொடங்கிய ஆங்கில ஆண்டு வந்துவிடும், 1370 பசலி என்றால் 1960 ஜூலை முதல் 1961 ஜூன் வரை. குரோதி மார்கழி என்று கடிதத்தில் இருந்தால் அது தனுஷ்கோடிப் புயல் அடித்த மாதம். ராமநாதபுரம் ஜில்லாவின் முகவரியில் விருதுநகரோ காரைக்குடியோ வந்தால் திகைக்க வேண்டாம், 1985இல் மாவட்டம் மூன்றாகப் பிரியும் வரை அவையெல்லாம் ஒரே ஜில்லாதான்.

எழுத்து வடிவமும் பேசும். லை, ணை, னை ஆகியவற்றைத் துதிக்கை போல மேலே சுழித்து அச்சிட்டிருந்தால் பொதுவாக 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தையது. அதற்கு முன்பே சீர்திருத்த எழுத்தில் அச்சான நோட்டீஸ் கிடைத்தால் அது கூடுதல் செய்தி: பெரியார் 1935 முதல் குடி அரசு இதழில் அந்த எழுத்தைப் பயன்படுத்தினார், ஆகவே அந்த அச்சகமோ அச்சடித்தவரோ இயக்கச் சார்பு உடையவராக இருக்க வாய்ப்பு உண்டு. கையெழுத்தை வைத்து இப்படி முடிவு செய்யாதீர்கள், பழைய வடிவத்தைக் கடைசிவரை எழுதியவர்கள் ஏராளம். மண் நோட்டிலோ செய்முறையின் பெயரே காலம் சொல்லும். கரிமத்துக்கு ‘வாக்லி பிளாக்’ என்றிருந்தால் 1934க்குப் பின், மணிச்சத்துக்கு (பாஸ்பரஸ்) ‘ஓல்சன்’ என்றால் 1954க்குப் பின், தழைச்சத்துக்கு (நைட்ரஜன்) ‘சுப்பையா அசிஜா’ என்றால் 1956க்குப் பின். நீங்கள் கண்டுபிடித்த தேதியைக் காகிதத்தின் மூலையில் பென்சிலால், சதுர அடைப்புக்குள் எழுதுங்கள். அது ஐயா எழுதியது அல்ல, நீங்கள் ஊகித்தது என்று பின்னால் வருகிறவர்களுக்குத் தெரிய வேண்டும்.

கடற்கரை வீட்டில் காகிதத்துக்கு எதிரி கரையான் மட்டுமல்ல, காற்றும்தான். உப்பு ஈரத்தில் குண்டூசி துருப்பிடித்து, துரு தாளைத் தின்று, ஊசியைச் சுற்றி ஒரு பழுப்பு வட்டம் விழுந்திருக்கும். அதைப் பிடித்து இழுத்தால் வட்டம் முழுவதும் பொடிந்து கையோடு வரும். ஊசிக்கும் தாளுக்கும் நடுவே மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒன்றை, மருத்துவ எக்ஸ்ரே படத்தைக் கழுவி நறுக்கிய துண்டு கூடப் போதும், மெதுவாக நுழையுங்கள். மேலே ஒன்று, கீழே ஒன்று. துரு விட்டுக்கொடுத்து ஊசி ஆடத் தொடங்கும். அதற்குப் பிறகு ஊசியைப் பக்கவாட்டில் நகர்த்தி எடுங்கள். எடுத்த இடத்தில் புதிய ஊசியோ ஸ்டேப்ளரோ வேண்டாம், ஒரு வெள்ளைத் தாளை மடித்து அதற்குள் வைத்துவிடுங்கள். ரப்பர் பேண்டும் கூடாது, இரண்டு கோடையில் உருகி ஒட்டிக்கொள்ளும்.

லேமினேஷன் பற்றி அத்தை மகனிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள்: வேண்டவே வேண்டாம். சூட்டில் ஒட்டும் பிளாஸ்டிக்கைத் திரும்பப் பிரிக்க முடியாது, உள்ளே இருக்கும் அமிலமும் ஈரமும் உள்ளேயே இருந்து தாளைப் பழுக்க வைக்கும். கிழிந்த இடத்தில் செல்லோடேப் ஒட்டுவதும் அப்படித்தான். பாலிதீன் பையில் போட்டுக் கட்டுவது பாதுகாப்பு போலத் தெரியும், நம் ஊர் ஈரத்தில் உள்ளே பூஞ்சணம் பூத்துவிடும். காடாத் துணி வாங்கி, கஞ்சி போகும்வரை துவைத்து, நிழலில் காயவைத்து, அதில் சுற்றுங்கள். கஞ்சி இருந்தால் ராமபாணப் பூச்சிக்கு அது விருந்து. வேப்பிலை போடுவதானால் சருகாகக் காய்ந்ததைத் துணியில் முடிந்து பெட்டி ஓரத்தில் வையுங்கள், பச்சையிலை ஈரத்தைக் கொண்டுவரும். வசம்பும் நல்லது. வெயிலில் காயப்போடக் கூடாது, மை வெளுத்துப்போகும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பெட்டியைத் திறந்து பரப்பாதீர்கள். மாசி பிறந்த பிறகு, காலை வெயில் ஏறி ஈரம் வற்றியதும், ஜன்னலோரக் காற்றில் வைத்துப் பிரியுங்கள். கரையான் மண் தெரிந்தால் மட்டும் மாதம் பார்க்க வேண்டாம், அன்றைக்கே பெட்டியைச் சுவரைவிட்டு நகர்த்தி மேசை மேல் ஏற்றிவிடுங்கள்.

வேளாண் துறைக்காரர் வீடு என்பதால் இன்னொரு எச்சரிக்கையும் தேவை. அந்தக் காலத்தில் கரையானுக்கு வீட்டில் கிடைத்த பி.எச்.சி. தூளைக் காகிதக் கட்டில் தூவி வைப்பது வழக்கம். 1997இல் அரசு தடை செய்த பூச்சிக்கொல்லி அது. கட்டுக்கு நடுவே சாம்பலோ வெள்ளையோ பொடி தெரிந்தால் கையுறை, முகக்கவசம் இல்லாமல் தொடாதீர்கள், குழந்தைகளை அந்த அறைக்குள் விடாதீர்கள், ஊதித் தட்டாதீர்கள். அலமாரியில் பழைய ரசாயனப் பாட்டில்கள் இருந்தால் திறக்கவே வேண்டாம். டைகுரோமேட், பாதரச உப்பு, அடர் கந்தக அமிலம் எல்லாம் அந்தப் பரிசோதனைகளில் புழங்கியவை. பக்கத்துக் கல்லூரியின் வேதியியல் துறையைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். மண் நிரப்பிய பாட்டில்களோ துணிப்பைகளோ இருந்தால் மட்டும் அவற்றைக் குப்பை என்று கொட்டிவிடாதீர்கள். இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் பண்ணையில் 1843இல் தொடங்கிய பரிசோதனைகளின் மண்ணையும் விளைச்சலையும் இன்றுவரை பாட்டிலில் வைத்திருக்கிறார்கள். அந்நாளில் யாரும் நினைத்துப் பார்க்காத கேள்விகளுக்கு இன்றைய கருவிகள் அதில் விடை தேடுகின்றன. சீட்டோடு உள்ள ஒரு மண் பாட்டில் நோட்டைவிட மதிப்புடையது. சீட்டு உதிர்ந்திருந்தால் அதை அதே பாட்டிலின் கழுத்தில் நூலால் கட்டுங்கள்.

வரிசைப்படுத்துவதில் பெரிய வேலை செய்யாமல் இருப்பதே நல்ல வேலை. ஐயா சேர்த்துக் கட்டியிருந்ததைச் சேர்த்தே வையுங்கள், கயிறு அறுந்திருந்தாலும். கட்டின் மேல் அட்டையில் அவர் எழுதியதை அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கட்டுக்கும் எண் கொடுத்து, ‘கட்டு 4: அலமாரி மேல்தட்டு, இடக்கோடி. மேலட்டையில் நீல மையில் உவர் என்று எழுதியது. மண் பதிவேடு ஒன்று, இடையில் மனு நகல்கள், ஒன்றியக் கூட்ட அழைப்புகள், ஓர் உரக்கடை ரசீது. கரையான் அரித்த ஓரம்’ என்கிற மாதிரி ஒரு பட்டியல் போட்டால் போதும். உரக்கடை ரசீதை எடுத்துவிட வேண்டும் என்று தோன்றும். எடுக்காதீர்கள். அந்த நிலத்துக்கு அந்த ஆண்டு என்ன போட்டார்கள் என்பதற்கு அதுவே சாட்சியாக இருக்கலாம். கழிக்கலாம் என்று நான் சொல்வது நிரப்பாத படிவங்கள், ஓரக்குறிப்பு எதுவும் இல்லாத அச்சு அறிக்கைகளின் இரண்டாம் பிரதிகள் ஆகியவற்றை மட்டும்தான். பழைய ஃபேக்ஸ் தாள் இருந்தால் முதலில் அதைப் படம் எடுங்கள், மிச்சமிருக்கும் எழுத்தும் மங்கிக்கொண்டே வரும். படம் எடுப்பதற்கு நல்ல கைப்பேசியே போதும். ஃபிளாஷ் வேண்டாம், அட்டையும் பின்பக்கமும் விடுபடக் கூடாது, பிரதிகள் மூன்று வேறு இடங்களில் இருக்கட்டும்.

மூலக் காகிதங்களை யாரிடம் கொடுப்பது? என் விருப்பத்தைச் சொல்கிறேன். சென்னை தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் தமிழ்க் காகிதத்தின் அருமை தெரிந்த இடம். அது தொடங்கியதே பழைய ராமநாதபுரம் ஜில்லாவின் கோட்டையூரில் முத்தையா என்ற தனிமனிதர் சேர்த்த சேகரிப்பிலிருந்துதான். அவர் 1992இல் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கி, 1994இல் இந்நாட்டிலேயே நூலகமாக நிறுவ உதவியது. டெல்லியில் தீன்மூர்த்தி வளாகத்தில் முன்பு நேரு நினைவு நூலகம் என்றிருந்த நிறுவனமும், தேசிய ஆவணக் காப்பகமும் பொதுவாழ்வில் இருந்தவர்களின் தனிக் காகிதங்களைப் பெறுகின்றன. அங்கே பாதுகாப்பு நல்லது, ஆனால் தொண்டியிலிருந்து ஒரு மாணவி டெல்லிக்குப் போய் தன் ஊர் மண்ணின் கணக்கைப் பார்க்க வேண்டியிருக்கும். எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம் பெரும்பாலும் அரசுக் கோப்புகளுக்கான இடம். உங்கள் பெட்டிகளில் அரசுக் கோப்பின் மூலமே தவறிவந்து கிடந்தால் அதைத் தனியாகக் குறித்து அவர்களிடம் கேளுங்கள், அது குடும்பச் சொத்து அல்ல. எந்த இடமானாலும் சரி, மூலங்கள் அத்தனையும் ஒரே இடத்துக்குப் போக வேண்டும். நோட்டைக் கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்துக்கும் கடிதத்தைச் சென்னைக்கும் பிரித்து அனுப்பாதீர்கள். கட்சி அலுவலகத்துக்குப் படங்களின் நகல் கொடுங்கள், ராமநாதபுரம் உவர் ஆராய்ச்சி மையத்துக்கு மண் நோட்டுகளின் முழு டிஜிட்டல் நகல் கொடுங்கள். மாவட்டத்துக்குள் ஒரு முழுப் பிரதியாவது இருக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

ஒப்படைக்கும் முன் மனுக்களைத் தனியாக ஒருமுறை படியுங்கள். ஒன்றியத் தலைவருக்கு வந்த மனுக்களில் பசியும் நோயும் சாதிச் சண்டையும் குடும்ப வழக்கும் பெயரோடு இருக்கும். எழுதியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் அதே தெருவில் இருக்கிறார்கள். அவற்றை அழிக்கக் கூடாது. இத்தனை ஆண்டுகளுக்குப் பார்வைக்குத் தரக் கூடாது என்று நிபந்தனை எழுதி உறையிட்டுக் கொடுக்கலாம். நல்ல நிறுவனங்கள் இதை ஏற்கும். கடிதங்களிலும் ஒன்றை மனத்தில் வையுங்கள். மற்றவர்கள் ஐயாவுக்கு எழுதிய கடிதத்தின் தாள் உங்களுடையது, அதை அச்சிட்டு வெளியிடும் உரிமை எழுதியவருடைய வாரிசுகளுக்கு உரியது. தாளை ஒப்படைக்க அவர்கள் அனுமதி தேவையில்லை, புத்தகமாகப் போட வேண்டுமென்றால் தேவை.

ஒப்படைப்புப் பத்திரத்தில் அப்பா, சித்தப்பா, அத்தை மூவரும் கையெழுத்திடட்டும். அதில் எழுத வேண்டியவை: கட்டுகளின் பட்டியல், ஐயா வைத்திருந்த வரிசை கலைக்கப்படாது என்ற உறுதி, மூடிய உறைகளின் கெடு, குடும்பத்துக்கு ஒரு முழு டிஜிட்டல் பிரதி, வீட்டார் எப்போது வந்தாலும் பார்க்க அனுமதி. வீட்டை இடிப்பதற்கு நாள் குறித்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அதற்குள் பத்திரம் முடியாவிட்டாலும் பரவாயில்லை. பெட்டிகளை இருக்கிற வரிசையிலேயே படம் எடுத்து, எண் ஒட்டி, கடற்காற்று அதிகம் படாத உள்ளூர் உறவினர் வீட்டில், தரையிலிருந்து ஒன்றரை அடியாவது உயர்த்தி, சுவரைத் தொடாமல் வைத்துவிடுங்கள். தம்பியிடம் இன்றைக்கே பேசுங்கள். எடைக்காரர் சைக்கிள் வரும் நாளில் வீட்டில் யார் இருக்கப்போகிறார்கள் என்பதையும் முடிவு செய்துவிடுங்கள்.